பிளீஸ் போர்வையில் கோளாறா? குறையைச் சொல்லுங்கள், காரணத்தைப் பார்ப்போம்

காரைக்குடி வெயிலுக்கு, பஞ்சு கிளப்பிய பாலியஸ்டர் துணியான பிளீஸில் (fleece) போர்வை எதற்கு என்று கேட்பவர்கள், ஏசி அறையில் விடிகாலை மூன்று மணிக்குக் காலை முடக்கிக்கொண்டு படுத்ததில்லை என்று வைத்துக்கொள்வோம். லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுப் போர்வையைத் தேடுகிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு ராத்தங்கலில் பனி இறங்கும். தோளில் கனக்காத, நனைந்தால் சட்டென்று உலர்கிற போர்வை அவர்களுக்கு வேண்டும். இதையெல்லாம் கடையில் வாங்கலாம்தான். ஆனால் பேர் சொல்லி, நிறம் கேட்டு, நாமே வெட்டி முடிந்து கொடுத்தால் வாங்குகிறவர் அதை அலமாரிக்குள் போட மாட்டார்.

செய்கிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறைகளை, அவர்கள் சொல்கிறபடியே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதில் முக்கால்வாசிக் கோளாறு மிஷினில் வருவதில்லை. தரையில் விரித்து வெட்டும்போதே வந்துவிடுகிறது. மிஷின்காரரைக் கூப்பிடுமுன் துணியைப் பாருங்கள்.

எதற்கும் முதலில்: கையில் இருப்பது பிளீஸ்தானா?

திருப்பூர்ப் பக்கம் பிளீஸ் என்று கேட்டால் பல கடைகளில் எடுத்துப் போடுவது பருத்திப் பின்னல் துணி. ஒரு பக்கம் வழவழப்பு, உள்பக்கம் மட்டும் பஞ்சு கிளப்பியிருக்கும். ஸ்வெட்ஷர்ட் தைக்கிற ரகம் அது. போர்வைக்கு வேண்டியது போலார் பிளீஸ், முழுக்கப் பாலியஸ்டர். பருத்தி ரகத்தில் வெட்டிய ஓரம் உதிரும், சுருளும், துவைத்தால் சுருங்கும். கீழே சொல்லப்போகும் வைத்தியம் எதுவும் அதற்குப் பொருந்தாது.

சந்தேகம் இருந்தால் மூலையில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீக்காட்டுங்கள். பாலியஸ்டர் உருகி, கறுத்த கெட்டி முத்தாக உறைந்துவிடும். பருத்தி எரிந்து சாம்பலாக உதிரும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். உருகிய முத்தைக் கையால் தொட வேண்டாம்.

அடுத்தது, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்பது. புதுத் துணியில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும் வெட்டு ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து அகலவாட்டில் இழுங்கள். ஓரம் எந்தப் பக்கம் சுருள்கிறதோ அதுதான் பெரும்பாலும் பின்பக்கம். அப்படியே இழுவை எந்தத் திசையில் அதிகம் என்பதும் கைக்குத் தெரிந்துவிடும். அகலவாட்டில் நன்றாக இழுபடும், நீளவாட்டில் கொஞ்சம்தான். பின்பக்க மூலையில், இழுவை அதிகமுள்ள திசையைக் காட்டி, சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டு வைத்துவிடுங்கள். பாதிக் குறை அந்த அம்புக்குறியிலேயே தீரும்.

"ஆச்சி, சுத்திலும் முடிச்சுப் போட்டதும் நடுவுல உப்பிக்கிட்டு நிக்குது"

தைக்காமல் செய்யும் முடிச்சுப் போர்வையில் எல்லோருக்கும் வரும் குறை இது. இரண்டு துணியை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஓரத்தை நாடா நாடாக வெட்டி, மேல் நாடாவையும் கீழ் நாடாவையும் சேர்த்து முடிவது. விரித்துப் போட்டால் ஓரமெல்லாம் சுருங்கி, நடு குழிப்பணியாரம் மாதிரி எழும்பி நிற்கும்.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 60 அங்குலத்துக்கு 60 அங்குலம் துணி, நாடா ஒரு அங்குல அகலம், நாலு அங்குல நீளம். நான்கு மூலையிலும் நாலுக்கு நாலு சதுரம் வெட்டி எடுத்தது போக ஒரு பக்கத்துக்கு 52 நாடா வரும். நாலு பக்கமும் சேர்த்து 208 முடிச்சு. ஒரு அங்குல அகலமுள்ள நாடாவை இறுக்கி முடிந்தால் அதன் அடி குறுகும். ஒரு முடிச்சில் கால் அங்குலம் குறைந்தால்கூட 52 முடிச்சில் 13 அங்குலம் போச்சு. நடுத்துணி குறையவில்லை, ஓரம் மட்டும் குறைந்தது. மிச்சத் துணி மேலே எழும்பாமல் எங்கே போகும்?

எனவே முடிச்சை இறுக்கக் கூடாது. முடிச்சு துணியின் அடியை நெருக்கிப் பிடிக்காமல் அதன்மேல் தளர்வாக உட்காரட்டும். பிளீஸ் சொரசொரப்பான துணி, தளர்வாகப் போட்டாலும் இரட்டை முடிச்சு எளிதில் அவிழாது. ஏற்கெனவே முடித்தாகிவிட்டது என்றால் முழுவதையும் அவிழ்க்குமுன் மூலைகளைப் பாருங்கள். சதுரத்தை வெட்டாமல் விட்டிருந்தாலோ, நாடா நீளத்தைவிடச் சின்னதாக வெட்டியிருந்தாலோ சுருக்கம் அங்கேதான் தொடங்கும். மூலைக்கு இரண்டு பக்கமும் நாலைந்து முடிச்சை அவிழ்த்து, சதுரத்தைச் சரியாக வெட்டி, தளர்த்தி முடிந்து பாருங்கள்.

எனக்குப் பிடித்தது முடிச்சே போடாத வழி. மேல் நாடாவையும் கீழ் நாடாவையும் சேர்த்துப் பிடித்து, அடியிலிருந்து அரை அங்குலம் தள்ளி, இரண்டையும் துளைத்து ஒரு சின்னக் கீறல் போடுங்கள். இரண்டு நுனியையும் பின்பக்கமாகக் கொண்டுபோய் அந்தக் கீறல் வழியே முன்னால் இழுத்துவிடுங்கள். ஓரம் படிந்து கிடக்கும், உள்ளே இழுக்காது, முடிச்சு உறுத்தாது. கீறல் அரை அங்குலத்துக்கு மேல் போனால் நாடா அறுந்துவிடும். சின்னதாகக் கீறினால் பிளீஸ் இழுபட்டு இடம் கொடுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் உப்பினால், இரண்டு துணியின் இழுவைத் திசையைப் பாருங்கள். ஒன்று குறுக்கே, மற்றொன்று நெடுக்கே கிடக்கும். அம்புக்குறி போடச் சொன்னது இதற்குத்தான். முடிந்துவிட்ட போர்வையில் இதற்கு மருந்து இல்லை. அவிழ்த்து ஒன்றைத் திருப்பத்தான் வேண்டும். அதனால்தான் 60க்கு 60 சதுரம் நல்லது என்கிறேன், திருப்பினாலும் அளவு மாறாது.

"அளந்துதான் வெட்டினேன், ஆளுக்குப் பத்தலை"

மேலே சொன்ன கணக்கேதான். 60 அங்குலத் துணியில் இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் நாடாவுக்குப் போனால் போர்த்திக்கொள்ள மிஞ்சுவது 52. ஐந்தரை அடி ஆளுக்கே 66 அங்குலம் வேண்டும். பிளீஸ் பெரும்பாலும் 58, 60 அங்குல அகலத்தில் வரும், கரை இரண்டையும் வெட்டித் தள்ள வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு மீட்டர் எடுங்கள். வெட்டியாகிவிட்டதென்றால் அதைச் சோபாவுக்கோ காருக்கோ கொடுத்துவிடுவதே மேல். ஒட்டுப்போட்டு நீட்டினால் ஒட்டுத்தான் முதலில் கண்ணில் படும்.

"நாலு மூலையும் சேரலை, ஒரு பக்கம் இழுக்குது"

கடையில் கத்தரி ஓடிய ஓரத்தை நம்பி அளந்தால் இப்படித்தான் ஆகும். சுருளிலிருந்து இழுத்து மேசையில் போட்டு வெட்டும்போது துணி இழுபட்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அது தன் அளவுக்குத் திரும்பும்போது ஓரம் கோணிப்போகும். வாங்கிவந்த துணியைப் பிரித்து ஒரு ராத்திரி தரையில் விரித்துப் போடுங்கள். வெட்டும்போது மேசையிலிருந்து தொங்கவிடாதீர்கள், தொங்குகிற எடையே துணியை இழுத்துவிடும்.

இந்த இடத்தில் நம் வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய கட்டிங் மேசை யாரிடமும் கிடையாது. ஆனால் ஆத்தங்குடிக் கல் பாவிய தளம் இருக்கிறது. கற்கள் சந்திக்கும் கோடுகளே அளவுகோல். உங்கள் வீட்டுக் கல்லை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அங்குலக் கல் என்றால் ஏழு கல்லுக்கு 56 அங்குலம். கரையை ஒரு கோட்டில் வைத்து, குறுக்குக் கோட்டில் சாக்கால் கோடு போட்டால் மூலை செங்கோணமாக வரும். முகப்பில் பழைய தளம் அங்கங்கே தூக்கியிருக்கும், உள்கட்டில் சமமான இடமாகப் பாருங்கள். துணி வழுக்கினால் மூலைகளில் அம்மிக் குழவியோ படிக்கல்லோ வையுங்கள், குண்டூசி தரையில் நிற்காது. உருளைக் கத்தியை மட்டும் தளத்தின்மேல் ஓட்டாதீர்கள். கல்லின் மேற்பூச்சில் விழும் கீறல் போகாது. கத்தரிக்கோல் போதும்.

பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தடவை அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால்தான் சதுரம் சதுரம். அரை அங்குல வித்தியாசத்தை விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் நீண்ட பக்கத்தைச் சீவுங்கள்.

அச்சே கோணலாக விழுந்த துணியும் உண்டு. பின்னல் வரி ஒரு பக்கம் போகும், படம் வேறு பக்கம் போகும். கட்டம் போட்ட துணி என்றால் கண் கட்டத்தைத்தான் பார்க்கும், ஆகவே கட்டத்தின் வழியே வெட்டுங்கள். பூ, பொம்மை என்றால் பின்னல் வரியின் வழியே. கையால் இழுத்து நிமிர்த்துகிற வேலை இதில் நடக்காது, பாலியஸ்டர் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

"தைச்ச ஓரம் அலை அலையா நிக்குது"

பிளீஸ் ஓரம் பிரியாது. மடித்துத் தைக்காமலே விடலாம். அழகுக்காகத் தைக்கும்போதுதான் இந்த அலை வருகிறது. மிஷினின் ஃபுட் (ஊசியடியில் துணியைப் பிடிக்கும் பாதம்) துணியை அழுத்துகிறது, கீழே பல் இழுக்கிறது, நடுவில் இழுபடும் துணி நீண்டுவிடுகிறது. ஃபுட் அழுத்தத்தைக் குறையுங்கள். பழைய கறுப்பு மிஷினில் தலைக்கு மேலே இருக்கும் திருகை இடப்பக்கமாகத் திருப்பினால் தளரும். தையல் நீளத்தை மூன்றரை, நாலு மில்லிமீட்டருக்குக் கூட்டுங்கள். நெருக்கமான ஜிக்ஜாக் வேண்டவே வேண்டாம், நூல் சேரச் சேர ஓரம் நீளும். தைக்கும்போது துணியைப் பின்னாலிருந்து இழுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

அலை விழுந்துவிட்ட ஓரத்துக்கு: தேய்ப்புப் பெட்டியைத் துணியில் படாமல் ஒரு அங்குலம் மேலே பிடித்து நீராவி மட்டும் காட்டி, கையால் தட்டி விடுங்கள். கொஞ்சம் அடங்கும். அடங்காவிட்டால் பிரிப்பதுதான் வழி.

மிஷினே வேண்டாம் என்பவர்களுக்கு, பள்ளிக்கூடத்தில் கைத்தையல் வகுப்பில் சொல்லித்தந்த பிளாங்கெட் ஸ்டிச் இருக்கவே இருக்கிறது. அரை அங்குல இடைவெளி, தடித்த எம்பிராய்டரி நூல். சாயங்காலம் பட்டாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போடலாம். எவ்வளவு நல்ல மிஷின் ஓரத்தைவிடவும் இதற்குத்தான் என் ஓட்டு.

"தையல் விட்டு விட்டு விழுது"

ஊசி மழுங்கியிருக்கிறது, அல்லது ரகம் தப்பு. பின்னல் துணிக்கு முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி வேண்டும், 14 நம்பர். பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள், மிஷினுக்கு மிஷின் ஊசியின் தண்டு மாறும். பழையது எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அப்படியே மாட்டுங்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும்.

அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்தால் அடிநூல் சுற்றிய பாபினைத் திட்டாதீர்கள், மேல் நூல் சரியாகக் கோக்கவில்லை. ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். ஃபுட் இறங்கியிருந்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடிக்கொள்ளும், நூல் நடுவில் உட்காராது. இது எல்லாத் துணிக்கும் பொது. பிளீஸுக்கென்று தனியாக இருப்பது பஞ்சு. ஒரு போர்வை தைத்து முடிவதற்குள் பாபின் கேஸைச் சுற்றிப் பஞ்சு அடைத்துக்கொள்ளும். பிரஷ்ஷால் தட்டி எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வாயால் ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும்.

"கண்டாங்கிக் கரை வச்சுத் தைச்சேன், ஒரு தடவை துவைச்சதும் எல்லாம் சுருங்கிப் போச்சு"

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்துப் போர்வைக்கு அழகே இதில்தான் இருக்கிறது. ஒற்றைப் பிளீஸ், சுற்றிலும் அரக்கும் மஞ்சளுமாகக் கண்டாங்கிச் சேலையின் கரை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு அந்தக் கரையைப் பார்த்ததும் ஊர்ப் பெயர் சொல்கிறவர்கள் வெளியூரிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்க இதைவிட என்ன வேண்டும்?

கண்டாங்கி பருத்தி, தண்ணீர் பட்டால் சுருங்கும். பிளீஸ் பாலியஸ்டர், சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டுத் துவைத்தால் கரை இழுக்கும், நடுத்துணி கொசுவும். ஆகவே தைப்பதற்கு முன்னால் கரைத் துணியை இரண்டு தடவையாவது நனைத்து அலசி, வெயிலில் காயவைத்துச் சுருங்கவேண்டியதைச் சுருக்கிவிடுங்கள். ஆயா (பாட்டி) கட்டிக் கட்டித் துவைத்த பழைய சேலை என்றால் சுருங்கும் கவலை இல்லை. ஆனால் அதில் உடல் பகுதி நைந்திருக்கும். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், இழை விட்ட இடம் தெரியும். கரையையும் முந்தியையும் எடுங்கள், மற்றதை விடுங்கள்.

சாயம் இறங்கும் பிரச்சினையும் இதோடு சேர்ந்தது. உப்புத்தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் கெட்டிப்படும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நெய்து முடித்த துணியில் அதற்குப் பெரிய பலன் கிடையாது. அலசுகிற தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசுவதே வழி. வெள்ளை ஈரத்துணியைக் கரைமேல் அழுத்தி எடுங்கள், நிறம் ஒட்டவில்லை என்றால் தைக்கலாம். வெள்ளைப் பிளீஸில் ஏற்கெனவே அரக்கு இறங்கிவிட்டதென்றால் காயவிடாமல் உடனே சோப்புத் தண்ணீரில் மறுபடி அலசுங்கள். பருத்திக்குப் போட்ட சாயம் பாலியஸ்டரில் எளிதாகப் பிடிக்காது, பெரும்பாலும் போய்விடும்.

தைக்கும்போது பிளீஸ் அடியில், கண்டாங்கி மேலே. இழுபடுகிற துணி பல்லுக்குப் பக்கத்தில் இருந்தால் பல் அதைச் சேர்த்து உள்ளே தள்ளிக்கொள்ளும். மாற்றி வைத்தால் கடைசியில் நாலு அங்குலம் பிளீஸ் மிச்சமாகத் தொங்கும். ஒவ்வொரு பக்கத்தையும் நாலாகப் பிரித்து, கரையையும் நாலாகப் பிரித்து, குறிக்குக் குறி குத்திவிட்டுத் தைத்தால் அந்தத் தொல்லையே இல்லை. கரையை மடித்துத் தேய்ப்பது எல்லாம் சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஏன் என்பது அடுத்த தலைப்பில்.

"தேய்ச்ச இடம் பளபளன்னு மின்னுது"

தண்ணீர் பாட்டில் செய்கிற அதே வகைப் பிளாஸ்டிக்தான் இந்தத் துணி. 1979 வாக்கில் அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை கம்பளிக்கு மாற்றாகக் கொண்டுவந்தது. முழுதாக உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். ஆனால் பஞ்சு படிந்து மினுங்க அவ்வளவு சூடு தேவையில்லை, பருத்திக்கு வைக்கும் சூடே தாராளம். படிந்த பஞ்சு எழாது. அந்த இடத்தில் ஒரு யானையோ மாங்காயோ வெட்டி ஒட்டுத்தையல் போட்டு மறைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு இடத்தில் வைத்தால் வேண்டுமென்றே வைத்ததாகிவிடும்.

"ரெண்டு மாசத்துல பந்து பந்தா உருண்டுக்கிச்சு"

மலிவுத் துணி சீக்கிரம் உருளும், உருளாத பதம் செய்த துணி தாமதமாக உருளும். கடையில் ஆன்டி-பில் என்று கேளுங்கள், துணியை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தும் பாருங்கள். மற்றபடி துவைக்கும் முறைதான். துவைகல்லில் அடிக்கவே கூடாது. பிரஷ் கூடாது, கஞ்சி கூடாது. துண்டு, லுங்கியோடு சேர்த்து மிஷினில் போட்டால் அவற்றின் பஞ்சு முழுவதும் இதில் ஒட்டிக்கொள்ளும். உள்பக்கம் வெளியே வருமாறு மடித்து, குளிர்ந்த தண்ணீரில், தனியாக.

போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் கட்டிச் சோப்பு போட்டால் சோப்புப் படிவு பஞ்சில் தங்கிச் சொரசொரப்பாகும். திரவச் சோப்பு கொஞ்சமாகப் போடுங்கள். மென்மைக்காக ஊற்றும் கம்ஃபோர்ட் வகையறா வேண்டாம், அது இழைமேல் படிந்து பஞ்சை ஒட்டவைக்கும். நிழலில் கொடியில் போட்டால் போதும், சித்திரை வெயில் நிறத்தை வெளுக்கும். உருண்ட பந்துகளைப் பேட்டரியில் ஓடும் லின்ட் ஷேவரால் எடுக்கலாம், கையால் பிய்த்தால் பக்கத்து இழையும் சேர்ந்து வரும்.

"ஆசையா செஞ்சு குடுத்தேன், போர்த்திக்கவே இல்லை"

கனமாகச் செய்திருப்பீர்கள். இரட்டை அடுக்குப் போர்வை குளிர்நாட்டுக் கணக்கு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக்கு 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) அளவில் ஒற்றை அடுக்கு போதும். இரட்டை அடுக்கைக் கொடைக்கானலுக்கோ லண்டனுக்கோ அனுப்புங்கள். பாதயாத்திரைக்கு என்றால் 45க்கு 60, நாடாவோ குஞ்சமோ இல்லாமல். சுருட்டினால் பைக்குள் அடங்க வேண்டும். ஏசி அறையில் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்றும் சொல்வார்கள். நைலான் உடுப்போடு உரசினால் அது வரும், ஈரக்கையால் ஒரு தடவை தடவிவிட்டால் அடங்கும்.

பேறுகாலத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்குக் கொடுப்பதானால் இரண்டு விஷயம். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வை எதையும் மேலே போடக் கூடாது, மூக்கை மூடிவிடும். விரிப்பாக, விழித்திருக்கும்போது மடியில் வைத்துக்கொள்ள, என்று சொல்லியே கொடுங்கள். நாடா, பொத்தான், குஞ்சம் இல்லாமல் செய்யுங்கள். குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி போடும் நேரத்தில் இந்தத் துணி பக்கத்தில் இருக்கவே கூடாது. பாலியஸ்டர் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். ஆயாவிடம் இதை நேரில் சொல்லிவிடுவது நல்லது, சாம்பிராணிச் சட்டி அவர் கையில்தான் இருக்கும்.

"பெட்டியில இருந்து எடுத்தா அந்துருண்டை வாசம் போகவே மாட்டேங்குது"

பூச்சி அரிப்பது கம்பளியையும் பட்டையும். சுத்தமாகத் துவைத்து வைத்த பாலியஸ்டருக்கு அந்துருண்டை தேவையே இல்லை. வாசம் ஏறிவிட்டதென்றால் இரண்டு மூன்று நாள் மாடியில் நிழலில் காற்றாட விட்டு, பிறகு துவையுங்கள், முதலில் துவைத்தால் வாசம் பஞ்சுக்குள் தங்கும். கண்டாங்கிக் கரை வைத்த போர்வையை மட்டும் பழைய வேட்டியில் சுற்றி, கொஞ்சம் வேப்பிலைச் சருகோடு வையுங்கள், பருத்திக்குக் கஞ்சிப் பூச்சி வரும். மடிப்புத் தழும்பைத் தேய்க்கப் போகாதீர்கள். கொடியில் ஒரு நாள் தொங்கினால் தானாக எழுந்துவிடும்.